அப்பாவின் கேசட்டுகளுக்கு 70,000 ரூபாயில் ஒரு மென்பொருள் தேவையா?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நங்கநல்லூரில் வசிக்கிறேன். என் தகப்பனார் சபாக்களிலும் வானொலியிலிருந்தும் பதிவு செய்த கேசட்டுகள் சுமார் 280, நானே வாங்கிச் சேர்த்த கர்நாடக இசை சிடிக்கள் சுமார் 600 என்னிடம் உள்ளன. சிடிக்களை எல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டேன். கேசட்டுகளில் பாதி முடிந்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன், இவற்றை ஒழுங்குபடுத்த ரூன் என்ற மென்பொருளுக்கு ஆயுள் சந்தா கட்டித் தருவதாகச் சொல்கிறான். அவ்வளவு பணம் போடலாமா? ஒலித்தரம் கூடுமா? ஏற்கெனவே கட்டிவரும் இரண்டு ஸ்ட்ரீமிங் சந்தாக்களை நிறுத்திவிடலாமா? சுமார் 40 கேசட்டுகளில் யார் பாடுகிறார் என்ற குறிப்பே இல்லை. அப்பாவோடு அந்தக் கச்சேரிகளுக்குப் போய்வந்த என் அத்தை, 88 வயதில், திருவல்லிக்கேணியில் இருக்கிறார்.

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகனின் அன்பைக் குறைத்துச் சொல்லாமல், முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்க வேண்டாம். ரூன் நல்ல மென்பொருள்தான். இசைச் சேகரிப்புகளை ஒழுங்குபடுத்தித் தர நான் பணியாற்றிய சில வீடுகளில் அது அருமையாக இயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எந்த வேலைக்காக இவ்வளவு பணம் வாங்குகிறதோ, அந்த வேலையில் பாதி இந்தியாவில் நடக்காது. மீதிப் பாதி தங்களுடைய சேகரிப்புக்குப் பொருந்தாது.

விலையைப் பார்ப்போம். நான் இதை எழுதும் நேரத்தில் அதன் ஆயுள் சந்தா 829.99 டாலர், அதாவது 70,000 ரூபாய்க்கு மேல். ஆண்டுச் சந்தா 149.88 டாலர். ஐந்தரை ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தினால்தான் ஆயுள் சந்தா கட்டுப்படியாகும் என்பதைத் தாங்கள் மனக்கணக்காகவே போட்டுவிடுவீர்கள். 'ஆயுள்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அது தங்களுடைய ஆயுளைப் பொறுத்ததல்ல, அந்தச் சேவை நடக்கும் காலத்தைப் பொறுத்தது. 2015-இல் வெளிவந்த இந்த மென்பொருளின் நிறுவனத்தை 2023-இல் சாம்சங் குழுமத்தைச் சேர்ந்த ஹார்மன் வாங்கியது. கை மாறியதால் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுகிறவர் இதையும் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மென்பொருளின் சிறப்பு இரண்டு. ஒன்று, நம் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் இசையையும் ஸ்ட்ரீமிங் சேவையில் இருக்கும் இசையையும் ஒரே அலமாரியில் அடுக்கியதுபோலக் காட்டுவது. ஆனால் அது இணைந்து செயல்படும் முக்கியமான சேவைகளான டைடல், கோபஸ் இரண்டுமே இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடைப்பதில்லை. நாம் இங்கே சந்தா கட்டும் ஸ்பாடிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் போன்றவை அதனுள் வருவதில்லை. ஆகவே வெளிநாட்டிலுள்ள தங்கள் மகனின் வீட்டில் அது எப்படி இயங்குகிறதோ அப்படியே நங்கநல்லூரிலும் இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு அங்கே எல்லாம் கிடைக்கிறது.

இரண்டாவது சிறப்பு விவரங்களைத் தானாகத் தேடிச் சேர்ப்பது. ஓர் ஆல்பத்தைக் கொடுத்தால், அதன் அட்டைப்படம், வாசித்தவர்கள், இயற்றியவர், அதே பாட்டின் வேறு பதிவுகள் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு காட்டிக்கொண்டே போகும். மேற்கத்திய இசைத்தட்டுகளுக்கு இது நூலகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். உலகெங்கும் லட்சக்கணக்கான பேர் வாங்கிய தட்டுகளின் விவரங்கள் தரவுத்தளங்களில் ஏற்கெனவே இருப்பதால் அது முடிகிறது. ஒரு மார்கழி மாலையில் சபாவில் முன்வரிசையில் அமர்ந்து தங்கள் தகப்பனார் மடியில் வைத்துப் பதிவு செய்த கச்சேரி உலகத்திலேயே ஒரு பிரதிதான். அது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆவணம், கேசட் உறையின் உள்அட்டையில் அவர் எழுதி வைத்த நான்கு வரிகள்தான்.

மயிலாப்பூரில் ஒரு குடும்பத்துக்காக நான் வேலை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தானாக விவரம் தேடும் வசதியை முடுக்கிவிட்டு அன்றிரவு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால், தோடி ராகத்தில் விரிவாகப் பாடப்பட்ட ஒரு கச்சேரி, 'தோடி' என்ற பெயர் ஒற்றுமையால் ஓர் இந்துஸ்தானி சிதார் ஆல்பத்தின் அட்டைப்படத்தோடு உட்கார்ந்திருந்தது. நம் தோடியும் வடக்கத்தித் தோடியும் ஒன்றல்ல. நம் தோடியின் ஸ்வரங்களுக்கு அங்கே நெருக்கமானது பைரவி, அவர்களுடைய தோடிக்கு இங்கே நெருக்கமானது சுபபந்துவராளி. பெயரை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதே வீட்டில் தியாகராஜரின் பெயர் ஆங்கில எழுத்துகளில் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்ததால், அவர் ஐந்து வெவ்வேறு வாக்கேயக்காரர்களாகப் பட்டியலில் நின்றார். அவற்றை ஒன்றாக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

கடையில் வாங்கிய சிடிக்களின் நிலைமை இவ்வளவு மோசமில்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில், கர்நாடக இசைக்கு ராகம், தாளம் ஆகியவற்றைக் குறிக்கத் தனி இடமே உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டம், அதில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது, கர்நாடக இசை ஆல்பங்கள் பலவற்றின் விவரங்களை அங்கே சேர்த்தது. அந்தத் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை இழுத்து ஃபைல்களில் எழுதும் பிக்கார்ட் என்ற மென்பொருள் இலவசம். தங்களுடைய 600 சிடிக்களில் எத்தனைக்கு அங்கே விவரம் கிடைக்கிறது என்பதை ஒரு வார இறுதியில் பார்த்துவிடலாம். கிடைக்காதவற்றைக் கையால்தான் எழுத வேண்டும், மென்பொருளுக்குப் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும்.

இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. ரூனில் நாம் செய்யும் திருத்தங்கள் அதன் சொந்தத் தரவுத்தளத்தில்தான் சேர்கின்றன. நம் ஃபைல்களுக்குள் அது எதையும் எழுதுவதில்லை. ஃபைல்களைத் தொடாமல் விடுவது பாதுகாப்பு என்று அவர்கள் கருதுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஆறு மாதம் உட்கார்ந்து, பாடகர், வயலின், மிருதங்கம், ராகம், தாளம், சபா, தேதி என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தவர், அந்த உழைப்பு தன் ஃபைல்களோடு வராமல் ஒரு சந்தாவுக்குள் தங்கிவிடுவதை ஏற்கக் கூடாது. சந்தாவை நிறுத்தினால் அந்த மென்பொருள் ஓடாது. நாம் எழுதியதும் அதனுள்ளேயே நின்றுவிடும். டேக் என்று சொல்லப்படும் குறிப்புகளை ஃபைலுக்குள்ளேயே எழுதிவிட்டால், இன்று ஒரு மென்பொருள், பத்து ஆண்டுகள் கழித்து வேறொன்று, எதில் திறந்தாலும் அவை கூடவே வரும். அதற்குப் பிறகு எந்த மென்பொருள் என்பது சின்னக் கேள்வியாகிவிடும்.

டேக் எழுத விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும். பெயரில் எம்பி3 இருந்தாலும், ஒலியை இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃப்ளாக் வகை ஃபைல்களையும் அது கையாளும். சிடிக்களை எம்பி3-யாக மாற்றினீர்களா ஃப்ளாக்காக மாற்றினீர்களா என்று உடனே பாருங்கள். எம்பி3 என்றால், சிடிக்களை மீண்டும் ஒரு முறை ஃப்ளாக்கில் எடுப்பது நல்லது. ஒரு மணி நேரச் சிடி சுமார் 635 எம்பி, ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டி வரும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. தங்கள் மொத்தச் சேகரிப்பும் 1 டிபி டிஸ்கில் தாராளமாக அடங்கிவிடும்.

ஃப்ளாக்கில் எந்தப் பெயரிலும் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம் என்பதால் 'ராகம்' என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய 'ஜானர்' (இசை வகை) என்ற இடத்திலும் ராகத்தின் பெயரையே எழுதிவிடுங்கள். பிறகு 'காம்போதி' என்று தட்டினால் 1970-களிலிருந்து இன்றுவரை தங்கள் வீட்டில் இருக்கும் எல்லாக் காம்போதியும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். தமிழிலேயே எழுதலாம், இன்றைய மென்பொருள்கள் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டையொட்டி டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில் யாராவது எழுதிக் கொடுத்த ஃபைல்கள் இருந்தால், அவை மட்டும் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தமிழோ ஆங்கில எழுத்தோ, ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்து விலகாதீர்கள். ஒரு கேசட்டுக்கோ சிடிக்கோ பத்து நிமிடம் என்று வைத்தால், 880-க்கும் சேர்த்துச் சுமார் 147 மணி நேரம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஐந்து மாத வேலை. கேட்டுக்கொண்டே செய்வதால் தங்களுக்கு அது சுமையாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஒலித்தரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபைலில் இருப்பதை மாற்றாமல் அப்படியே டி.ஏ.சி.க்கு, அதாவது டிஜிட்டல் இசையை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவிக்கு, அனுப்பும் எந்த மென்பொருளும், இலவசமோ விலை கொடுத்ததோ, ஒரே ஒலியைத்தான் தரும். பணம் கட்டிய மென்பொருளில் வீணை அதிக இனிமையாக ஒலிக்கிறது என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன்; ஆனால் எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டபோது அந்த வேறுபாட்டை என்னால் உணர முடியவில்லை. உண்மையில் காதுக்குத் தெரியும் குறைகள் இரண்டு, இரண்டுமே பணச்செலவு இல்லாமல் சரிசெய்யக்கூடியவை.

ஒன்று, தடங்களுக்கு நடுவே விழும் இடைவெளி. ராகம் தானம் பல்லவியைச் சிடியில் மூன்று தடங்களாகப் பிரித்திருப்பார்கள். தானம் முடிந்து பல்லவியின் எடுப்பு தொடங்கும் இடத்தில் அரை நொடி அமைதி விழுந்தால், பாடகர் மூச்சு விடாமல் கட்டி எழுப்பிய அனைத்தும் அங்கே உடைந்துபோகும். 'கேப்லெஸ்' என்ற வசதி உள்ள மென்பொருளில் இது நேராது. இரண்டாவது, ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி. அதைத் தடம்வாரியாக வைத்தால், மெல்லிய ஆலாபனையை உயர்த்தித் தனி ஆவர்த்தனத்தைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடும். ஆல்பம்வாரியாக வைத்தால் கச்சேரியின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஸ்பீக்கரை ப்ளூடூத் வழியாக இணைத்திருந்தால், ஒலி மறுபடியும் சுருக்கப்பட்டுத்தான் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள், கணினியிலிருந்து டி.ஏ.சி.க்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போதும்.

எதில் கேட்பது? ஒரே அறையில், ஒரே கணினியில் கேட்பதாக இருந்தால் ஃபூபார்2000 போதும். இடைவெளியின்மை, ஆல்பம்வாரி ஒலிச் சமன், நாம் உண்டாக்கிய 'ராகம்' என்ற குறிப்பைத் தனிப் பத்தியாகக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. தோற்றம் மட்டும் கணக்குப் பேரேடு போல இருக்கும், அதில் தங்களுக்குச் சிரமம் இராது. கூடத்திலும் படுக்கையறையிலும் கைப்பேசியிலும் கேட்க வேண்டுமானால், வீட்டில் ஒரு சிறிய சர்வர் வைத்து நேவிட்ரோம் அல்லது லிரியான் போடலாம், இரண்டும் இலவசம். லிரியானின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசைக் கருவிகளுக்கான மென்பொருள் அது. லாஜிடெக் நிறுவனம் அந்தக் கருவிகளை 2012-இல் கைவிட்டது; பயனர்கள் கைவிடவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால் அவர்களே பராமரித்து, 2024-இல் புதிய பெயரும் சூட்டி, இன்றும் நடத்துகிறார்கள்.

சர்வர் இரவும் பகலும் ஓடும் என்பதால் மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட் எடுக்கும். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 5 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி அதே காலத்தில் 7 யூனிட்தான் எடுக்கும். இலவச மென்பொருள்களுக்கு அது தாராளம். ரூனுக்குக் குறைந்தது ஐ3 வகைச் செயலியும் எஸ்எஸ்டியும் உள்ள கணினி வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை. ஆகவே அதன் விலை 829.99 டாலரோடு முடிவதில்லை.

யாருக்கு அது தகும் என்பதையும் சொல்வதுதான் நியாயம். நான்கைந்து அறைகளில் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் இருந்து, அவை எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்க விரும்புபவருக்கு. மேற்கத்தியச் செவ்வியல் இசையோ ஜாஸோ ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு. சர்வரைத் தானே பழுது பார்க்க விருப்பமோ நேரமோ இல்லாதவருக்கு அது கொடுத்த பணத்துக்கு உழைக்கும். தங்கள் டேக் வேலை முடிந்த பிறகும் ஆசை இருந்தால், சோதனைக் காலத்தில் போட்டுப் பாருங்கள். பிடித்தால் ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். அந்த ஓராண்டில் அதை எத்தனை நாள் திறந்தீர்கள் என்பதே தங்களுக்கு விடை சொல்லும்.

ஸ்ட்ரீமிங் சந்தாக்களில் ஒன்றை நிறுத்திவிடலாம். இரண்டிலும் கிடைக்கும் இசை பெரும்பாலும் ஒன்றேதான். இன்று புதிதாகப் பாட வந்திருப்பவர்களைக் கேட்கவும் பயணத்தில் கேட்கவும் ஒன்று இருக்கட்டும். ஆனால் ஸ்ட்ரீமிங் சேவையை நூலகமாக நினைத்துவிடாதீர்கள். கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. ஏர்டெலின் விங்க் மியூசிக்கை மூடும் அறிவிப்பு 2024-இல் வந்தது. அவற்றில் ஆண்டுக்கணக்காகப் பட்டியல் சேர்த்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

மகன் அந்தத் தொகையைத் தங்களுக்காகச் செலவிட்டே தீருவேன் என்றால், மிச்சமிருக்கும் 140 கேசட்டுகளை நன்றாக மாற்றுவதற்குச் செலவிடச் சொல்லுங்கள். கேசட் டெக்கின் ஹெட் அருகே ஒரு சிறிய திருகு இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பினாலே, மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கி ஒலித்த தம்புரா சட்டென்று திறந்துகொள்ளும். ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு டெக்கில் பதிவானது. மொத்தமாக மாற்றித் தரும் கடைகளில் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. பூஞ்சை படிந்த கேசட்டைச் சுத்தம் செய்யாமல் டெக்கில் போடவும் கூடாது; நம் ஊர்க் கடற்காற்றில் அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் வரும் முன்னேற்றம், எந்த மென்பொருளாலும் பின்னால் கொண்டுவர முடியாதது.

அடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்குகள் வாங்கி இரண்டிலும் முழுப் பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னைக்கு வெளியே உறவினர் வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தரைத்தளத்தில் ஒரே அலமாரியில் கேசட்டுகளையும் அவற்றின் பிரதியையும் வைத்திருந்த வீடுகளுக்கு, வெள்ளம் வடிந்த பிறகு நான் போயிருக்கிறேன். உறைகளில் இருந்த மை கரைந்து ஓடியிருந்தது. ஆகையால் கேசட் உள்அட்டைகள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தையே ஃபைலுக்கு அட்டைப்படமாக வையுங்கள். தங்கள் தகப்பனாரின் கையெழுத்து திரையில் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குறிப்பில்லாத அந்த 40 கேசட்டுகளில் மாற்றி முடித்தவற்றை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு இந்த வாரமே திருவல்லிக்கேணிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் போதும். பாடகரின் குரல், வயலின் வில், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் சத்தம் இவற்றைக் கொண்டு யார் என்று அத்தை சொல்லக்கூடும். எந்தச் சபா, எந்த வருஷம், அன்று மழை பெய்ததா, யார் கூட வந்தார்கள் என்று அவர் போக்கிலேயே பேசவிட்டு, கைப்பேசியில் அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு கேசட்டுகளுக்கு மேல் வேண்டாம், அவருக்குக் களைப்பாகிவிடும். மாற்றாமல் இருப்பவற்றில் அந்த 40-ஐச் சேர்ந்தவை எவையோ அவற்றை முதலில் மாற்றக் கொடுங்கள், மற்றவை காத்திருக்கலாம்.